பரணில் கிடைத்த இரும்புச் சிலுவை: அசலா, என்ன பெறுமதி?

கேள்வி: நாங்கள் டோர்ட்முண்டில் ஒரு பழைய வீடு வாங்கினோம். பரணைத் துப்பரவாக்கும்போது ஒரு சுருட்டு டின் கிடைத்தது. உள்ளே நாலு சின்னங்களும் மடித்த ஒரு தாளும். ஒன்று சுவஸ்திகா போட்ட கறுப்புச் சிலுவை. பின்னால் உள்ள ஊசியில் 65 என்று இருக்கிறது. இன்னொரு சிலுவையில் சுவஸ்திகாவுக்குப் பதில் இலைகள். மூன்றாவது, தலைக்கவசமும் வாள்களும் உள்ள கறுப்பு நீள்வட்டம். நாலாவது, துப்பாக்கி பொறித்த சாம்பல் நிறச் சின்னம். தாளில் ஒரு பெயரும் 'இன்ஃபன்டரி ரெஜிமென்ட் 18' என்பதும் ஓகஸ்ட் 1942 என்ற திகதியும் இருக்கின்றன. இவை அசலா? என்ன விலை போகும்? வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றமா? மாமி புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும் என்கிறார். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான் தனக்கு அனுப்பினால் விற்றுத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதல் வேலையாக மாமியிடம் சொல்லி அந்தப் புளியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. உங்களிடம் உள்ள சாம்பல் நிறச் சின்னம் பெரும்பாலும் துத்தநாகம். புளியின் அமிலம் அதை அரித்துவிடும், மேலே மிச்சமிருக்கும் கொஞ்ச வெள்ளிப் பூச்சும் போய்விடும். கடையில் விற்கும் பொலிஷும் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீரும் வேண்டாம். சேகரிப்பவர் ஒருவர் இதைக் கையில் எடுத்ததும் தேடுவது அந்தப் பழைய மேற்பரப்பைத்தான். அது போனால் பெறுமதியில் பெரும் பங்கு போய்விடும், திரும்ப வராது.

நாலையும் ஒரே டின்னில் ஒன்றோடொன்று உரசும்படி போடாதீர்கள். தனித்தனியாக அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரமில்லாத அறையில் வையுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறை வேண்டாம். அதிலிருந்து கசியும் பொருள் உலோகத்தையும் பூச்சையும் கெடுக்கும். தாளை மடித்த நிலையில் விடாமல் மெதுவாக விரித்து, பொலியெஸ்டர் உறையில் தட்டையாக வையுங்கள். ஒட்டும் டேப் மட்டும் அதன் பக்கம் போகக்கூடாது.

இனிச் சின்னங்களுக்கு வருவோம். சுவஸ்திகா உள்ள சிலுவை 1939ஆம் ஆண்டின் இரும்புச் சிலுவை, முதல் வகுப்பு. போர் தொடங்கிய 1939 செப்டெம்பர் 1ஆம் திகதியே ஹிட்லர் இந்த விருதை மறுபடி நிறுவினார். இரண்டாம் வகுப்பு நாடாவில் தொங்கும். முதல் வகுப்பை மார்பில் ஊசியால் குத்துவார்கள். இரண்டாவது கிடைத்தவருக்குத்தான் முதலாவது கிடைக்கும். ஆகவே இந்த மனிதரிடம் இரண்டாம் வகுப்பும் இருந்திருக்க வேண்டும். பரணில் இன்னொரு தடவை தேடுங்கள். சிலுவை இல்லாவிட்டாலும் நடுவில் சிவப்பும் இரு பக்கமும் வெள்ளையும் கறுப்புமாக ஒரு நாடாத் துண்டு எங்காவது கிடக்கலாம்.

அசலா என்று பார்க்க ஒரு காந்தமும் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு லென்ஸும் போதும். அசல் சிலுவை மூன்று துண்டுகளால் ஆனது: கறுப்பு பூசிய இரும்பு நடுத்தகடு, அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கும் இரண்டு வெள்ளிநிறப் பாகங்கள். அந்த இரண்டையும் விளிம்பில் பற்றவைத்திருப்பார்கள். காந்தத்தை மெல்லக் கிட்டக் கொண்டுபோனால் நடுத்தகடு இழுக்கும். இழுக்காவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம், பித்தளை நடுத்தகட்டுடன் செய்தவையும் உண்டு. அடுத்து லென்ஸை வைத்து, கறுப்பும் வெள்ளியும் சந்திக்கும் கோட்டை வடிவாகப் பாருங்கள். அசலில் தகடு வேறு, சட்டம் வேறு என்பதால் அந்த இடத்தில் மயிரிழை அளவு பிளவு தெரியும். கறுப்புப் பூச்சு அந்தக் கோட்டில் கூராக நிற்கும். ஒரே துண்டாக வார்த்து வர்ணம் தீட்டிய போலியில் பூச்சு சட்டத்தின் அடிவரை வழிந்து ஏறியிருக்கும், பிளவே இராது. சட்டத்தின் உட்பக்கத்தில் வரிசையாக ஓடும் சின்ன மணிகளையும் பாருங்கள். அச்சில் அடித்தவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். வார்ப்பில் அவை மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியாகச் சிலுவையைப் பக்கவாட்டில் திருப்பி விளிம்பைப் பாருங்கள். இரண்டு பாகங்களும் பற்றவைத்த மெல்லிய கோடு எங்காவது ஓரிடத்தில் வெளியே தெரிந்தால் நல்லது. அகலம் ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அசல் ஒன்றை வைத்து அச்செடுத்து வார்த்த போலிகள், உலோகம் ஆறும்போது சுருங்குவதால், ஒரு பொட்டளவு சின்னதாகவே வரும்.

ஊசியில் உள்ள 65 நல்ல செய்தி. அரசு வழங்கிய விருதுகளைச் செய்த தொழிலகங்களுக்கு ஜனாதிபதி அலுவலகம் எண்கள் கொடுத்திருந்தது. 65 என்பது இடார்-ஓபர்ஸ்டைனில் இருந்த கிளைன் உண்ட் குவென்ட்ஸர் நிறுவனத்தின் எண். இந்த எண்ணோடு முதல் வகுப்புச் சிலுவைகள் ஏராளமாக வந்திருக்கின்றன. எல் என்ற எழுத்தும் சாய்கோடும் எண்ணும் சேர்ந்திருந்தால் அது கடையில் தனியாக வாங்குவதற்காகச் செய்தது. படைவீரர்கள் இரண்டாவது பிரதி ஒன்றைச் சொந்தக் காசில் வாங்குவது வழமை. எண்ணைப் போலிக்காரரும் அடிப்பார்கள் என்பதால், எண்ணைப் பார்த்து அசல் என்று முடிவெடுப்பதில்லை. முதலில் சிலுவையின் கட்டமைப்பு சரியாக இருக்க வேண்டும். அதன் பிறகுதான் எண்ணை ஒரு சான்றாக எடுத்துக்கொள்வேன்.

இலைகள் உள்ள சிலுவையைப் பலர் போலி என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். மேற்கு ஜேர்மனியில் 1957 ஜூலை 26ஆம் திகதிச் சட்டம், போர்க்கால விருதுகளைச் சுவஸ்திகா இல்லாத வடிவில் மட்டும் அணியலாம் என்று சொன்னது. அதற்காகத் தொழிலகங்கள் புதிதாகச் செய்த வடிவம்தான் உங்களிடம் இருப்பது: நடுவில் மூன்று ஓக் இலைகள், கீழே 1939. சேகரிப்பவர்கள் இதை '57' என்றே சொல்வார்கள். விலை குறைவு. ஆனால் அந்த டின்னில் எனக்கு ஆகப் பிடித்த பொருள் இதுதான். இது அந்த மனிதர் உயிரோடு திரும்பினார் என்று சொல்கிறது. 1957க்குப் பிறகும் மேற்கு ஜேர்மனியில் வாழ்ந்தார், ஏதோ ஒரு ஒன்றுகூடலுக்கோ நினைவு நாளுக்கோ மார்பில் குத்திக்கொள்ள இதைத் தேடி வாங்கினார். பழைய சிலுவை ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்தால் இதில் எதுவுமே தெரிய வந்திருக்காது.

கறுப்பு நீள்வட்டம் காயமடைந்தோர் சின்னம். ஒரு தடவை அல்லது இரண்டு தடவை காயப்பட்டவருக்குக் கறுப்பு, மூன்று நாலு தடவை என்றால் வெள்ளி, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் தங்க நிறம். கை கால் இழந்தால் நேரடியாக மேல் தரம். கறுப்புச் சின்னங்கள் பெரும்பாலும் மெல்லிய தகட்டில் அடித்தவை, பின்பக்கம் குழிந்திருக்கும். முன்னால் தலைக்கவசம் மேடாக இருக்கும் இடத்தில் பின்னால் அதே வடிவம் பள்ளமாகத் தெரிய வேண்டும். கவசத்தில் சுவஸ்திகா இருக்கிறதா, கவசம் எந்தக் காலத்து வடிவம் என்று பார்த்துச் சொல்லுங்கள். முதலாம் உலகப் போர்க் கவசமும் சுவஸ்திகா இல்லாமலும் என்றால் 1918ஆம் ஆண்டுச் சின்னம். அப்படியானால் அது அவருடைய தகப்பனுடையதாகக்கூட இருக்கலாம். 1935 மாதிரிக் கவசமும் சுவஸ்திகா இல்லாமலும் என்றால் இதுவும் 57. நீங்கள் கடிதத்தில் இதைச் சொல்லவில்லை.

சாம்பல் நிறச் சின்னம் காலாட்படைத் தாக்குதல் சின்னம். ஓக் இலை வளையம், மேலே கழுகு, குறுக்காகக் கத்தி செருகிய துப்பாக்கி. 1939 டிசெம்பர் 20இல் நிறுவியது. மூன்று வெவ்வேறு நாட்களில், முன்னணி வரிசையில், கையில் ஆயுதத்தோடு தாக்குதலில் பங்கேற்றவருக்குக் கொடுத்தார்கள். வெள்ளி நிறம் நடந்து போன காலாட்படைக்கு. 1940 ஜூனில் வந்த வெண்கல நிறம் வாகனங்களில் போன படைக்கு. போரின் தொடக்கத்தில் செம்பு கலந்த நல்ல உலோகத்தில் செய்தார்கள். செம்பு வேறு தேவைகளுக்குப் போனதும் துத்தநாகத்துக்கு மாறினார்கள். துத்தநாகத்தில் பூச்சு நிலைக்காது. சில ஆண்டுகளில் உலோகத்துக்குள் மங்கி, எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். சரி, இது வெள்ளியா வெண்கலமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின்பக்கம் திருப்பி, ஊசியின் கீல் பொருந்தியிருக்கும் மூலையையும் கொக்கியின் அடியையும் லென்ஸில் பாருங்கள். விரலும் துணியும் படாத இடங்கள் அவை. அங்கே மினுங்கும் வெள்ளைத் துகளோ மண்ணிறத் துகளோ ஒட்டிக்கொண்டிருக்கும். மாமி புளி போட்டிருந்தால் முதலில் போயிருக்கக்கூடிய சான்று அதுதான்.

இந்தச் சின்னத்தில் போலிகள் நிறைய. முன்பக்கத்தில் கழுகின் இறகுகளையும் துப்பாக்கியின் பூட்டுப் பகுதியையும் பாருங்கள். அசலில் கோடுகள் கூராக இருக்கும். போலியில் குமிழ் வெடித்த சின்னக் குழிகளும் தேவையில்லாத பொட்டுகளும் தெரியும். ஆனால் போரின் பிற்பகுதியில் அசல்களையே அழுத்த வார்ப்பில் செய்த இடங்களும் உண்டு, ஆகவே 'வார்ப்பு என்றால் போலி' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல், போருக்குப் பிறகு பழைய அச்சுகளை வைத்தே அடித்து விற்றவர்கள். வியன்னாவின் சூவால் நிறுவனம் சேகரிப்பாளர்களுக்காக அப்படிச் செய்தது தெரிந்த விடயம். அச்சு அசல்தான், பொருள் போர்க்காலத்தது இல்லை. அதைப் பிரித்தறிய உலோகத்தின் தரம், கீலின் வடிவம், பூச்சின் நிறம் என்று பின்பக்கத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அதனால்தான் முன்பக்கப் படம் மட்டும் போட்டு விற்கும் ஆளிடம் எதையும் வாங்காதீர்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறேன்.

இனி அந்தத் தாள். நீங்கள் அதைக் கடைசியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், நானாக இருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது காயமடைந்தோர் சின்னத்துக்கான உரிமைச் சான்று. அச்சடித்த படிவம், அதில் பதவியும் பெயரும் படைப்பிரிவும் காயம்பட்ட திகதியும் தட்டச்சில் அல்லது மையில் நிரப்பி, முத்திரை குத்தி, மருத்துவமனையில் இருந்தால் அங்குள்ள படை மருத்துவரே கையெழுத்திட்டுக் கொடுப்பார். 18ஆம் ரெஜிமென்ட் பீலபெல்டைச் சேர்ந்தது. அது 6ஆம் காலாட்படை டிவிஷனின் ஒரு பிரிவு, பெரும்பாலும் டோர்ட்முண்டும் அடங்கிய வெஸ்ட்பாலன் பகுதி ஆட்கள். 1942இல் அந்த டிவிஷன் மொஸ்கோவுக்கு மேற்கே ர்ஷெவ் பகுதியில் நின்றது. டோர்ட்முண்டுக்காரர் ஒருவர் அந்த ரெஜிமென்டில் இருந்தது பொருந்துகிறது. இன்னொன்றும் பொருந்துகிறது. 1942 ஒக்டோபரில் இந்தக் காலாட்படை ரெஜிமென்டுகளுக்கு எல்லாம் கிரெனடியர் ரெஜிமென்ட் என்று பெயர் மாற்றினார்கள். உங்கள் தாள் ஓகஸ்டில் எழுதியது, பழைய பெயரே இருக்கிறது. 1943ஆம் ஆண்டுத் திகதியோடு பழைய பெயர் இருந்திருந்தால் நான் புருவத்தை உயர்த்தியிருப்பேன்.

தாளை நீங்களே இரண்டு விதமாகச் சோதிக்கலாம். இருட்டறையில் ஊதாக்கதிர் டோர்ச்சை அதன்மேல் பிடியுங்கள். இன்றைய தாள் நீலவெள்ளையாக ஒளிரும். அந்தக் காலத் தாள் மங்கலாகவே கிடக்கும். பிறகு லென்ஸில் எழுத்துகளைப் பாருங்கள். தட்டச்சு எழுத்து தாளை அழுத்திப் பதிந்திருக்கும், பின்பக்கம் விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். நிறப்புள்ளிகள் சேர்ந்து உருவான எழுத்து என்றால் அது அச்சுப்பொறியின் வேலை.

விலைக்கு வருவோம். எல்லாம் அசல், நிலை சுமார் என்று வைத்துக்கொண்டு இன்றைய ஏலங்களில் நான் பார்க்கும் விலையைச் சொல்கிறேன். 65 எண்ணுள்ள முதல் வகுப்புச் சிலுவை 150 முதல் 250 யூரோ. 57 சிலுவை 50 முதல் 100. கறுப்புக் காயச் சின்னம் லட்சக்கணக்கில் கொடுத்த பொருள். 20 முதல் 40 யூரோவுக்கு மேல் போவது அரிது. துத்தநாகத் தாக்குதல் சின்னம் 60 முதல் 100. நீங்கள் எதிர்பார்த்தது இதைவிடக் கூடவாக இருக்கலாம். நீர்மூழ்கிச் சின்னம், கைகலப்புப் பட்டையின் தங்கத் தரம் போன்றவைதான் பல நூறுகளுக்கும் ஆயிரங்களுக்கும் போகின்றன. போலிக்காரர்கள் ஆகக் கூட உழைப்பதும் அவற்றில்தான்.

இந்த நாலையும் பிரித்து நாலு பேருக்கு விற்றால் கிடைப்பது அவ்வளவுதான். பெயரும் படைப்பிரிவும் சொல்லும் தாளோடு சேர்த்து, எங்கே எப்படிக் கிடைத்தது என்ற உங்கள் குறிப்போடு ஒரே தொகுதியாக வைத்தால், கூட்டுத்தொகைக்கு மேலேயே கேட்பார்கள். வியாபாரிகள் சிலர் வீட்டுக்கு வந்து 'தாள் எனக்குத் தேவையில்லை, சிலுவையை மட்டும் தாருங்கள்' என்பார்கள். வேறு சிலர் தாளை மட்டும் வாங்கி, வேறு யாருடைய சின்னங்களோடோ சேர்த்து ஒரு பொய்த் தொகுதி உண்டாக்குவார்கள். இந்தத் தொழிலில் எனக்கு ஆகவும் கோபம் வருவது இதற்குத்தான். ஒருமுறை பிரித்துவிட்டால் எது யாருடையது என்பதை எந்த நிபுணராலும் திரும்பச் சேர்த்துவைக்க முடியாது. ஆகவே இன்றைக்கே டின் இருந்தபடி படம் எடுங்கள், பரணில் எந்த மூலையில் இருந்தது என்று திகதி போட்டு எழுதி வையுங்கள். டின்னையும் எறிய வேண்டாம்.

சட்டம். ஜேர்மனியில் இவற்றை உங்கள் வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடுப்பது, தடைசெய்த அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும்தான். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். வரலாற்று ஆய்வு, கற்பித்தல், கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கின் கீழ்தான் ஏல நிறுவனங்கள் இவற்றை விற்கின்றன: விவரப்பட்டியல் படத்தில் சுவஸ்திகாவை மறைத்து, வாங்குபவரிடம் என்ன நோக்கத்துக்கு என்று உறுதி வாங்கிக்கொண்டு. நீங்களும் முகநூலிலோ வட்சப் குழுவிலோ படம் போடாதீர்கள். யாரிடமாவது கருத்துக் கேட்க அனுப்புவதானால் சுவஸ்திகாவின் மேல் ஒரு சின்னக் கடதாசித் துண்டை வைத்துப் படமெடுங்கள். எங்கள் வீட்டு வாசலில் மங்கலமாக இருக்கும் வடிவம்தானே என்ற சமாதானம் இந்தச் சிலுவையின் மேல் உள்ளதற்குப் பொருந்தாது. மச்சானுக்கு அனுப்பும் எண்ணத்தையும் விடுங்கள். அவுஸ்திரேலியாவில் 2024 ஜனவரியிலிருந்து நாசிச் சின்னங்களை வைத்து வியாபாரம் செய்வதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. சில விலக்குகள் உண்டு என்றாலும் அவர் வில்லங்கத்தில் மாட்டத் தேவையில்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இவை உங்களுடையவைதானா? வீடு உங்களுடையது என்பதால் பரணில் இருந்த எல்லாமே உங்களுடையது ஆகிவிடாது. உரிமையாளர் யாரென்றே கண்டுபிடிக்க முடியாத புதையலுக்கு ஜேர்மன் சிவில் சட்டத்தில் தனி விதி உண்டு. இங்கே தாளில் பெயரே இருக்கிறது. நோட்டரி ஒப்பந்தத்தை எடுத்து, வீட்டோடு இருக்கும் பொருட்களையும் சேர்த்து விற்றார்களா என்று பாருங்கள். என்ன எழுதியிருந்தாலும், வீட்டை விற்றவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அப்பாவுடையதாகவோ தாத்தாவுடையதாகவோ இருக்கலாம். சில குடும்பங்கள் உடனே வாங்கிக்கொள்ளும். சிலர் 'எங்கள் கண்ணில் காட்டாதீர்கள்' என்பார்கள். அந்தப் படை சோவியத் மண்ணில் செய்தது என்ன என்று தெரிந்த குடும்பத்தில் அந்தப் பதிலும் நியாயமானதே. எந்தப் பதில் வந்தாலும் அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். பின்னால் விற்பதானாலும் கொடுப்பதானாலும் உங்களுக்கு அதுவே பாதுகாப்பு.

குடும்பத்தாருக்கு மேலும் அறிய விருப்பம் இருந்தால், ஜேர்மன் படைவீரர்களின் தனிப்பட்ட பதிவுகளை வைத்திருந்த பெர்லின் அலுவலகம் 2019 முதல் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் ஒரு பிரிவாக இருக்கிறது. அங்கே விண்ணப்பிக்கலாம், பதில் வரப் பல மாதங்கள் ஆகும். படைவீரரின் சம்பளப் புத்தகம் வீட்டில் கிடைத்தால் 22ஆம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அவர் பெற்ற விருதுகள் திகதியோடு அங்கே எழுதியிருக்கும். உங்கள் தொகுதிக்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

குடும்பம் வேண்டாம் என்று சொல்லி, நீங்களும் விற்கத் தீர்மானித்தால், இணையச் சந்தைகளைத் தவிருங்கள். பெரும்பாலானவை சுவஸ்திகா உள்ள பொருளை ஏற்பதில்லை. இந்தத் துறைக்கென்றே இருக்கும் மியூனிக் பக்கத்து ஹெர்மன் ஹிஸ்டோரிக்கா போன்ற ஏல நிறுவனத்திடம் மதிப்பீடு கேளுங்கள். எழுத்தில் சான்று தேவையென்றால், வர்த்தகக் கழகம் மூலம் சத்தியப்பிரமாணம் செய்த நிபுணர் ஒருவரைத் தேடுங்கள். அவருடைய கட்டணம் இந்த நாலின் விலைக்குக் கிட்ட வந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். என்னைக் கேட்டால், குடும்பம் ஏற்காத பட்சத்தில் முதலில் நகர ஆவணக்காப்பகத்தில் விசாரிப்பேன். பெயர், படைப்பிரிவு, வீட்டு முகவரி மூன்றும் ஒன்றாகத் தெரிந்த தொகுதி ஓர் ஊரின் வரலாற்றுக்கு உதவும். ஒரு சேகரிப்பாளரின் கண்ணாடிப் பெட்டியில் அது நாலு சின்னங்களோடு முடிந்துவிடும்.

இப்போதைக்கு எனக்கு மூன்று படங்கள் போதும்: தாக்குதல் சின்னத்தின் பின்பக்கம், கீல் கிட்டத் தெரியும்படி, சிலுவையின் பக்கவாட்டு விளிம்பு, காயச் சின்னத்தின் தலைக்கவசம். மின்விளக்கு வேண்டாம், யன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்தால் அளவும் தெரிந்துவிடும். வீட்டை விற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை எதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.